நூலும் நூலும்

நுழையும்முன்

பள்ளிப் பணி, இல்லப் பணி, கைப்பணி ஆகிய மூன்றையும் ஒருவரே செய்ய இயலுமா? இயலும் என்றால், அதற்குரிய நேரம் எங்கிருந்து வருகிறது? அந்த நேரத்தைத் தருபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கருத்துக் கட்டுரை.

தசராக் காலத்துக் கை

மைசூருவில் தசரா நெருங்கும்போது வீடுகள்தோறும் பொம்மைகள் பெட்டிகளிலிருந்து வெளியே வருகின்றன. கன்னடக் குடும்பங்கள் இவ்விழாவைக் 'கொம்பே ஹப்பா' என்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் 'கொலு' என்கின்றன. 'பட்டத கொம்பே' எனப்படும் மரத்தாலான அரசன், அரசி பொம்மைகளைத் திருமணத்தின்போது மகளுக்குக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இந்நகரில் உண்டு. அப்பொம்மைகளுக்குப் புத்தாடை உடுத்தி, மணி கோத்து, சரிகை தைத்து அழகுபடுத்துவர். பொம்மை பழையது; ஆடை புதியது. அந்தப் புதுமையை உண்டாக்குவது வீட்டிலுள்ள ஒருவரின் கை.

அந்தக் கை பெரும்பாலும் தாயின் கையாகவே இருக்கிறது. அதே கைதான் காலையில் சமைக்கிறது. பகலில் அலுவலகத்திலோ பள்ளியிலோ பணி செய்கிறது. மாலையில் குழந்தைகளின் பாடத்தைப் பார்க்கிறது. ஆகவே, கைவினைக்கு எஞ்சும் நேரம் மிகச் சிறிது.

பணிமாற்றம் பெற்று மைசூருவில் குடியேறிய ஒரு கணித ஆசிரியையின் நாளை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து உணவு சமைத்து, நான்கு பேருக்கும் அடைத்துவைக்கிறார். எட்டு மணிக்குப் பள்ளியில் இருக்கிறார். மாலையில் திரும்பும்போது கையில் விடைத்தாள் கட்டு. இரவு பாத்திரங்கள் கழுவி முடிந்தபின், பத்து மணிக்குமேல், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பை இறங்குகிறது. உள்ளே கம்பளி நூல் உருண்டை ஒன்றும் பின்னலூசிகள் இரண்டும் உள்ளன. ஊரில் தங்கைக்குப் பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி பின்ன வேண்டும். பத்து வரிசை முடிவதற்குள் கண் சொக்குகிறது. பை மீண்டும் மேல்தட்டுக்கு ஏறுகிறது.

"எப்போது அம்மா முடிப்பீர்கள்?" என்று மகன் கேட்கிறான்.

"நேரம் கிடைக்கும்போது" என்கிறார் அவர்.

இந்த மறுமொழி எல்லா வீடுகளிலும் கேட்கப்படுகிறது. ஒருவரும் இதனை ஐயுறுவதில்லை. ஆயினும் இதில் ஒரு பிழை உள்ளது. நேரம் தானாகக் கிடைப்பதில்லை. ஒருவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது என்றால், அவர் செய்யவேண்டிய வேலையை அந்த ஒரு மணி நேரம் வேறொருவர் செய்தார் என்பதே பொருள். அவ்வாறு செய்ய ஒருவரும் முன்வராத வீட்டில், முதலில் கைவிடப்படுவது கைவினையே ஆகும்.

இரவு விளக்கின் ஒளியில்

இது இன்று தோன்றிய இடர்ப்பாடு அன்று. சங்க இலக்கியமான புறநானூற்றில் ஒரு காட்சி வருகிறது. பருத்தியை நூலாக்கும் பெண் ஒருத்தி இரவில் எழுந்து, சிறு விளக்கின் ஒளியில் பருத்தியிலுள்ள குப்பையை நீக்குகிறாள். ஊர் உறங்கும் வேளையில் அவள் வேலை செய்கிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்பெண்ணுக்கும், பத்து மணிக்குமேல் துணிப்பையை இறக்கும் ஆசிரியைக்கும் இடையே விளக்கு மாறியிருக்கிறது; வேளை மாறவில்லை.

நூற்கும் தொழிலைத் தமிழர் தாழ்வாக எண்ணவில்லை என்பதற்கும் இலக்கணத்தில் சான்று உண்டு. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு புத்தகம் உருவாகும் முறையைப் பஞ்சு நூற்பதோடு ஒப்பிடுகிறது. அங்கே சொல் பஞ்சு ஆகிறது. அறிவு கதிர் ஆகிறது. புலவன் நூல் நூற்கும் பெண்ணாகிறான். 'நூல்' என்னும் ஒரே சொல் இழையையும் புத்தகத்தையும் குறிப்பதற்கு இவ்வொப்புமையே விளக்கம் தருகிறது. கன்னடத்தில் இழையை 'நூலு' என்பர். தெலுங்கிலும் 'நூலு' என்பர். மலையாளத்தில் 'நூல்' என்பர். மைசூருக் கடைத்தெருவில் இச்சொல்லைக் கேட்கும் தமிழ்க் குழந்தைக்கு அது அயற்சொல் அன்று. உறவினர் வீட்டுச் சொல்.

இடையன்குடியில் இருவகை நூல்

இம்மொழிகளின் உறவை 1856ஆம் ஆண்டு வெளியான தம் ஒப்பிலக்கண நூலில் விரிவாக ஆராய்ந்தவர் ராபர்ட் கால்டுவெல். சென்னை மெரினா கடற்கரையில் 1968இல் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அவர் பெயரை அறிவர். அவருடைய மனைவி எலைசாவின் பெயரை அறிந்தோர் சிலரே. அவ்வீட்டில் ஒருவர் எழுதிய நூலும் மற்றொருவர் பின்னிய நூலும் ஒரே காலத்தில் வளர்ந்தன.

எலைசாவின் கதை அவருடைய தாயிடமிருந்து தொடங்குகிறது. மார்த்தா மால்ட் என்னும் அவ்வம்மையார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்தார். அங்குப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். மாணவியருக்கு எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். நுண்ணிய நூலால் பூவும் கொடியுமாகப் பின்னப்படும் லேஸ் வேலைக்குக் குமரிப் பகுதியில் இன்றும் 'ரேந்தை' என்றே பெயர். அது போர்ச்சுகீசியத்திலிருந்து வந்து தமிழாகிவிட்ட சொல்.

ரேந்தை பின்னுவதற்கு உறுதியான ஒரு திண்டு தேவை. அதன்மேல் கோலம் வரைந்த தாளை விரித்துக் குண்டூசிகளைக் குத்துவர். சிறிய மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றியும் முறுக்கியும் ஊசிகளைச் சுற்றிக் கொண்டுசெல்வர். ஒரு கட்டை இடம் மாறினாலும் பூவின் வடிவம் சிதைந்துவிடும். இத்தகைய வேலையைக் கற்ற மாணவியருள் அடிமைகளாகப் பிறந்தவர்களும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னரே, தாம் பின்னிய ரேந்தையை விற்ற பணத்தைக் கொண்டு சில பெண்கள் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். ஊசியையும் நூலையும் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்குவோர் இவ்வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலில் தமிழ் பேசி வளர்ந்த எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். செம்மணல் தேரியும் பனைமரங்களும் நிறைந்த சிற்றூர் அது. அங்கே பெண்களுக்குப் பள்ளி நடத்தினார், குழந்தைகளை வளர்த்தார், தாயிடம் கற்ற ரேந்தை வேலையை ஊர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். அவ்வேலை அவ்வூர்ப் பெண்களுக்கு வருவாய் தரும் தொழிலாயிற்று.

மூன்று பணிகளையும் அவர் எவ்வாறு சமன்செய்தார்? அவற்றை மூன்றாகப் பிரிக்காமையே அவர் கண்ட வழி. பள்ளி முடிந்தபின் கைவினை என்று அவர் வைக்கவில்லை. கைவினையைப் பள்ளியின் உள்ளேயே வைத்தார். தாய் தந்த கலையை மாணவியருக்குத் தந்தபோது குடும்பமும் பள்ளியும் கைவினையும் ஒரே புரியில் முறுக்கிய மூன்று இழைகள் ஆயின.

ஆயினும், இந்த எடுத்துக்காட்டை அப்படியே இன்றைய ஆசிரியைமுன் வைத்து, "எலைசா செய்தார், உங்களால் இயலாதா?" என்று கேட்பது நேர்மை ஆகாது. அக்காலத்து ஐரோப்பியர் இல்லங்களில் சமைக்கவும் நீர் சுமக்கவும் துணி வெளுக்கவும் பணியாளர் இருந்தனர். திண்டின் முன் அமர்வதற்குரிய நேரத்தை வேறு கைகளின் உழைப்பும் தந்தது. பெயர் எழுதப்படாத அக்கைகளுக்கும் அந்த ரேந்தையில் பங்கு உண்டு. மைசூருவில் வாழும் ஆசிரியைக்குத் தாய்வீடு தொலைவில் உள்ளது. மாமியார், அத்தை, சித்தி எவரும் அடுத்த தெருவில் இல்லை. அவருக்கு நேரம் தரக்கூடியவர்கள் வீட்டிலிருக்கும் கணவரும் பிள்ளைகளும் மட்டுமே.

கடையில் கிடைக்காதா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "தொப்பியைக் கடையில் வாங்கலாமே! நூலின் விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். அந்த நேரத்தில் ஓய்வெடுக்கலாமே!" என்பர். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கது அன்று. திருப்பூரின் பின்னல் எந்திரங்கள் செய்யும் வேலையின் விரைவோடு எந்தக் கையும் போட்டியிட முடியாது. தொப்பி மட்டுமே நோக்கம் என்றால் கடையே சிறந்தது. களைத்த ஒருவருக்கு உறக்கம் பின்னலைவிட இன்றியமையாதது என்பதும் உண்மை.

ஆனால், பின்னுபவர் பெறுவது தொப்பி மட்டும் அன்று. நீலகிரியில் வாழும் தோடர் இனப் பெண்கள் செய்யும் பூவேலையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். உதகைக்குச் செல்லும் மைசூருக் குழந்தைகள் பலர் அதைக் கண்டிருப்பர். வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் அவர்கள் போர்வைகளுக்குப் பூவேலை செய்கின்றனர். துணியின்மேல் கோலம் எதையும் முன்னரே வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். கணக்கு அவர்களின் விரல்களில் இருக்கிறது. 2013இல் இப்பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கம்பளிப் பின்னலும் அத்தகையதே. ஐம்பதாவது வரிசையில் ஒரு கண்ணி குறைகிறது என்றால், பிழை நாற்பதாவது வரிசையில் நேர்ந்திருக்கலாம். அதுவரை பிரித்தாக வேண்டும். பிரிப்பது தோல்வி அன்று. பிழை எங்கே தொடங்கியது என்று கண்டறியும் முயற்சி. இதனை விரல்களால் உணர்ந்த ஆசிரியை, மறுநாள் வகுப்பில் ஒரு மாணவனின் தவறான கணக்கைப் பார்க்கும்போது விடையை மட்டும் அடித்துவிட்டுச் செல்லமாட்டார். எந்த வரியில் பிழை நேர்ந்தது என்று தேடுவார். கற்பிப்பவர் தாமும் ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தொடக்கநிலை மாணவனின் தடுமாற்றம் அவருக்கு மறவாமல் இருக்கும். ஆகவே, ஆசிரியையின் கைவினை நேரம் பள்ளியிலிருந்து திருடிய நேரம் அன்று. பள்ளிக்கே திரும்பி வரும் நேரம்.

கல்வியாளரும் இதனை ஏற்றுள்ளனர். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, ஏதேனும் ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பிக்கும் முறையை முன்வைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்பினர்க்கு 10 நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர் முதலிய கைவினைஞர்களிடம் பயிலும் வாய்ப்பைப் பரிந்துரைக்கிறது. பள்ளி மதிக்கும் ஒன்றை வீடு 'வெட்டி வேலை' என்று அழைப்பது முரண் அல்லவா?

சிறு சதுரங்கள்

"நாளுக்கு அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?" என்று சிலர் எண்ணலாம். அதற்குச் சென்னை ஒரு விடை தந்தது. 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர், தத்தம் இல்லங்களில் கொக்கி ஊசியால் பின்னிய சதுரங்களை ஒன்றாக இணைத்து, 2016 சனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கினர். உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வை என அது கின்னஸ் சாதனை ஏட்டில் இடம்பெற்றது. எவரும் அவ்வளவு பெரிய போர்வையைத் தனியே பின்னவில்லை. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சதுரங்களைப் பின்னினர்.

குடும்பத்திலும் இம்முறையைப் பின்பற்றலாம். தொப்பியைப் பின்னுபவர் ஒருவராக இருக்கட்டும். அதற்குரிய நேரத்தைச் சிறு சதுரங்களாக மற்றவர்கள் தரட்டும். இரவில் பாத்திரம் கழுவும் அரை மணி நேரத்தைத் தந்தை ஏற்கலாம். மறுநாளைக்குக் காய் நறுக்கும் கால் மணி நேரத்தை மகனும், துணி மடிக்கும் பத்து நிமிடத்தை மகளும் ஏற்கலாம். இது தாய்க்குச் செய்யும் உதவி அன்று. அனைவரும் உண்ட பாத்திரம், அனைவரும் உடுத்திய துணி என்பதால், அனைவர்க்கும் உரிய வேலையே அது.

அடுத்து, பின்னலூசி மகளுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணமும் மாற வேண்டும். தமிழகத்தில் தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் ஆண்கள் பல்லாயிரவர். மைசூருவில் கருங்காலி, ஈட்டி மரங்களில் நுண்ணிய வண்ணத் துண்டுகளைப் பதித்து ஓவியம் ஆக்குவோரும் ஆண்களே மிகுதி. ஐரோப்பாவில் முற்காலத்துப் பின்னல் தொழிற்குழுக்களை நடத்தியவர்களும் ஆண்களே. விரல் உள்ள எவரும் முடிச்சுப் போடலாம்.

மூன்றாவதாக, கைவினை செய்வோரும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முழு நிறைவு வேண்டும் என்னும் பிடிவாதமே அது. தொப்பியின் ஓரம் சற்றுக் கோணலாக இருந்தாலும் குழந்தையின் காதுக்குக் குளிர் தெரியாது. விழா நாளில் ஏழு வகைப் பலகாரமும் வேண்டும், கொலுவும் சிறக்க வேண்டும், விடைத்தாளும் திருந்த வேண்டும் என்றால், எந்தக் கையாலும் இயலாது. எதைக் குறைப்பது என்று வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்வதே சமன்பாடு.

விரல் காக்கும் சொல்

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு இதில் தனிப்பட்ட பயன் ஒன்றும் உண்டு. அவர்கள் தமிழைப் பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளைகளே படிக்கின்றனர். புத்தகத்தில் படித்த சொல் தேர்வோடு மறந்துபோகலாம். தாயின் அருகில் அமர்ந்து ஒயர்க்கூடை பின்னும்போது கேட்ட 'முடிச்சு', 'கண்ணி', 'இழை', 'சிக்கு', 'பிரி', 'இறுக்கு', 'தளர்த்து' என்னும் சொற்கள் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. அவை விரலோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றன. "இந்த முடிச்சை உன் பாட்டி எனக்குச் சொல்லித்தந்தார்" என்று தாய் கூறும்போது, நேரில் அதிகம் பழகாத பாட்டியும் அங்கே வந்து அமர்கிறார்.

இதுவே இழக்கப்படக்கூடியது. துணிப்பை மேல்தட்டிலேயே தங்கிவிட்டால் ஒரு தொப்பி மட்டும் குறையாது. மார்த்தாவிடமிருந்து எலைசாவுக்கும், எலைசாவிடமிருந்து இடையன்குடிப் பெண்களுக்கும் சென்றதுபோல் கைமாறி வரவேண்டிய ஒரு கலையும், அதனோடு ஒட்டிய சொற்களும், அவற்றைச் சொல்லித்தரும் மாலைப்பொழுதும் அறுபட்டுப் போகும். அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம். ஆனால் மறுமுனையைப் பிடித்திருப்பவர் இருக்கும்போதே முடிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை "எப்போது அம்மா முடிப்பீர்கள்?" என்று கேட்க எண்ணும் மகன், அதற்கு முன் சமையலறைக்குச் சென்று அன்றைய பாத்திரங்களைக் கழுவி வைக்கட்டும். பிறகு துணிப்பையை அவனே இறக்கித் தாயிடம் கொடுக்கட்டும். அவர் பின்னத் தொடங்கியதும் அருகில் அமர்ந்து, "எனக்கும் ஒரு வரிசை சொல்லித்தாருங்கள்" என்று கேட்கட்டும்.

சொல்லும் பொருளும்

ரேந்தை – நுண்ணிய நூலால் பின்னிய பூவேலை
கதிர் – நூல் நூற்கும் கருவி
கண்ணி – பின்னலில் ஊசியில் விழும் வளையம்
புரி – முறுக்கிய கயிறு
தேரி – செம்மணல் மேடு
திண்டு – உறுதியான சாய்வணை

சிந்தித்து எழுதுக

1. 'நேரம் கிடைக்கும்போது' என்னும் மறுமொழியில் கட்டுரை காணும் பிழை யாது?
2. 'நூல்' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் தனித்தனித் தொடர்களில் அமைத்துக் காட்டுக.
3. எலைசாவின் வாழ்வை இன்றைய ஆசிரியையோடு ஒப்பிடுவதில் கட்டுரை கூறும் எச்சரிக்கையை விளக்குக.
4. கடையில் வாங்குவதே சிறந்தது என்று கருதும் ஒருவரின் பக்கம் நின்று, இக்கட்டுரைக்கு ஒரு மறுப்புப் பத்தி எழுதுக.
5. உங்கள் வீட்டில் ஒரு நாளில் யார் யார் எந்தெந்த வேலையைச் செய்கின்றனர் என அட்டவணை இடுக. அதில் நீங்கள் ஏற்கக்கூடிய ஒரு வேலையைக் குறிப்பிடுக.
6. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு முடிச்சோ பின்னலோ கற்று, அப்போது கேட்ட தமிழ்ச் சொற்களைத் தொகுத்து எழுதுக.